முட்டைக்கோசுக்கு அரை நாள் லீவு

போங் ஹான்சோலுக்கு வெல்டிங் பிடித்திருந்ததா, ராணுவம் பிடிக்காமல் போனதா என்று கேட்டால் அவனே முழிப்பான். தொழிற்பள்ளியிலேயே சான்றிதழ் வாங்கிவிட்டான். கூடப் படித்தவர்கள் கட்டாய ராணுவச் சேவைக்காகத் தலையை மழித்துக்கொண்டு முகாமுக்குப் போனபோது, இவன் கிம்ஹே ஊரில் கப்பலுக்குக் குழாய் செய்யும் பட்டறையில் சேர்ந்தான். முப்பத்துநாலு மாதம் அங்கே வெல்டிங் செய்தால் அதுவே நாட்டுச் சேவை, முகாமுக்குப் போக வேண்டாம். "நீ மகராசன்டா" என்று நண்பர்கள் பொருமினார்கள்.

மகராசனுக்கு ஒரு கண்டம் இருந்தது. பதிவேட்டில் எழுதிய வேலையைத் தவிர வேறு வேலை செய்யக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் ராணுவ அலுவலக அதிகாரி சோதனைக்கு வருவார். பக்கத்துத் தெருப் பட்டறையில் ஒருவனை முதலாளி வண்டி ஓட்டவிட்டார். அவன் பதிவு ரத்தாகி, இப்போது முகாமில் பனி வாரிக்கொண்டிருக்கிறான்.  ஹான்சோலுக்கு முப்பத்திரண்டு மாதம் முடிந்திருந்தது. இன்னும் இரண்டுதான்.

நவம்பர் கடைசியில் முதலாளியம்மா குளிர்காலத்துக்குக் கிம்ச்சி, அதாவது காரமான முட்டைக்கோசு ஊறுகாய், போடுவார். பட்டறைச் சாப்பாட்டுக்கும், ஆளுக்கொரு பெட்டி வீட்டுக்குமாக முந்நூறு முட்டைக்கோசு. அன்று மத்தியானம் வெல்டிங் நிற்கும், எல்லாரும் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வராதவனை அந்த அம்மா வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

முந்தின நாள் அலுவலகத்தில் காகிதம் பார்க்கும் பியோன் மிரான் அவனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் கொடு."

"எதுக்குக்கா? கிம்ச்சிக்கு வரத்தானே போறேன்."

"வா. லீவு போட்டுட்டு வா."

"எல்லாருக்கும் சம்பளத்தோட முட்டைக்கோசு, எனக்கு மட்டும் லீவு போட்டு முட்டைக்கோசா? மிச்சம் இருக்கறதே அந்த அரை நாள்தான். முகாம்லருந்து வர்ற ஃப்ரெண்டோட பூசான் போக வெச்சிருந்தேன்."

"பூசான் எங்கயும் ஓடிடாது. கையெழுத்துப் போடு."

போட்டான். போட்டுவிட்டு, லீவைத் தின்கிற பேய் என்று முணுமுணுத்தான். அவள் காதில் விழுந்தது. ஆனாலும் கணினியில் பதிவு செய்வதிலேயே குறியாக இருந்தாள்.

மறுநாள் இரண்டு மணி. முழங்கை வரை மிளகாய் விழுதோடு அவன் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் கழுத்தில் அடையாள அட்டை. 

"போங் ஹான்சோல் யாரு?"

எழுந்தான். கையுறையிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. மறைக்க இடமில்லை.

"வெல்டர்னு எழுதியிருக்கு. இதுதான் வெல்டிங்கா?"

 மிரான் லீவுத் தாளோடு வந்தாள். நேற்றைய தேதி, மணி, அவன் கையெழுத்து, எல்லாம் இருந்தன. அதிகாரி படித்தார். கணினிப் பதிவையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். மனுஷன் லேசில் மசிபவர் இல்லை.

"லீவு போட்டுட்டு கம்பெனி வேலை செய்றியா? யாரு செய்யச் சொன்னாங்க?"

"யாரும் கட்டாயப்படுத்தலைங்க ஐயா. வரலைன்னா முதலாளியம்மா சொல்லிக் காட்டுவாங்க, அது வேற. எனக்கும் ஒரு பெட்டி உண்டு. எங்கம்மா இந்த வருஷம் கிம்ச்சி போடலை, நான் கொண்டு வருவேன்னு இருக்காங்க."

சுவரோரம் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அதிகாரி குனிந்து, அவன் பெயர் எழுதியதைத் திறந்து பார்த்தார். பாதி நிரம்பியிருந்தது. பிறகு மூன்று மாத வருகைப் பதிவு, வெல்டிங் வேலைத் தாள்கள் எல்லாவற்றையும் புரட்டினார். முக்கால் மணி நேரம் ஹான்சோல் கையைத் தொங்கவிட்டபடி நின்றான்.

"பதிவெல்லாம் சரியா இருக்கு" என்றார் கடைசியில். "முதலாளியம்மா, லீவுல இருக்கறவனைச் சொல்லிக் காட்டாதீங்க." கார் கிளம்பிப் போனது.

 ஹான்சோல் முட்டைக்கோசுக் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேம்பினான். மானம் காக்க யாரோ, "கண்ணுல மிளகாய் பட்டிருச்சு போல, தண்ணி கொண்டாங்க" என்றார்கள்.

"மிளகாய் இல்லண்ணே, அழறேன்" என்றான். "அக்கா, உன்னைப் பேய்னு சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றாள் மிரான். கையுறை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து அவன் பெட்டியை இழுத்தாள். "உங்கம்மாவுக்குக் காரம் தூக்கலா வேணுமா, கம்மியா?"