முதுகில் ஒரு சிவப்பு வட்டம்

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றித் தினமும் நடக்கும் நாங்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், கல்லூரிப் பையன்கள் போடுகிற வர்சிட்டி ஜாக்கெட் தைத்துக்கொள்ள முடிவு செய்தோம். ஆவடி வெயிலில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொதப்பினால் நான் நடப்பதற்கு வேறு ஏரிதான் தேட வேண்டும்.

எனக்கோ தையல்கடை என்றாலே சந்தேகம். கேட்டது ஒன்று, தருவது வேறு. ஆகவே, முதுகில் ஏரிக் கொக்கு வைத்த டிசைன் படத்தைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஒரு புள்ளிகூட மாறக் கூடாது" என்று எச்சரித்தேன். அப்படியும் மனசு கேட்காமல், முதல் ஜாக்கெட் தயாரானதும் அம்பத்தூர் கடைக்கே போய் நின்றேன்.

முதுகில் கொக்கு அழகாக இருந்தது. அதைச் சுற்றிக் கோணலாக ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

"என்னப்பா இது?"

"நீங்க அனுப்ச்ச படத்துல கீதே, அண்ணாத்தே! இன்னாடா டிசைன் இதுன்னு நானும் முழிச்சேன். புள்ளி மாறக் கூடாதுன்ட்டீங்களே!"

கொக்கைப் பெரிதாக்கலாமா என்று நண்பர்களைக் கேட்பதற்காக, போனில் நானே விரலால் போட்ட வட்டம் அது. அதே படத்தைக் கடைக்கும் அனுப்பியிருக்கிறேன். நல்லவேளை, மற்ற ஜாக்கெட்டுகளில் இன்னும் ஊசி இறங்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த ஆர்டரையும் முதலில் மனைவியிடம் காட்டிவிடுகிறேன். அவள் உலகத்தில் எல்லோரையும் நம்புவாள், என்னைத் தவிர.