பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வீடு

புதுமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் போகும் காலைப் பேருந்துக்கு அந்தக் காலத்தில் ஒரு வாசனை இருந்தது. டீசல் புகையும், கரையிலிருந்து அப்போதுதான் வந்த மீனின் ஈரமும், முன்சீட்டில் யாரோ தலையில் வைத்திருக்கும் மல்லிகையும் கலந்த வாசனை. அலுமினியச் சட்டிகளோடு ஏறும் மீன்காரப் பெண்கள் பின்பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். சட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் வண்டி திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பி ஓடி, நிற்க இடமில்லாமல் நசுங்கி நிற்கும் என் ராத்தாவின் சீருடையை எப்படியோ தேடிப் பிடித்துவிடும். அக்காவை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்றுதான் சொல்வோம். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாசனையும் கூட நுழையும். உம்மா வாளியில் சோப்பைக் கரைத்து வைத்திருப்பார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு படிப்பு முடிந்துவிடும். ராத்தா நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தவளையின் இதயத்தையும் மனிதனின் காதையும் வரைந்து வரைந்து சுவரில் ஒட்டுவாள். அவளுடைய ஒரே தங்கை நான், அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் வரைக்கும் காதில் விரலை விடவே பயந்தேன்.

வாப்பா துபாயில் ஒரு கடையில் சரக்கு அடுக்கும் வேலையில் இருந்தார். அந்த வருஷம் அவர் லீவில் வந்ததும், மிட்டாய்ப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ராத்தாவின் சீருடையை முகர்ந்து பார்த்தார். மறுநாளே, "புள்ளைக படிக்கிற எடத்துக்கு நாம போயிருவோம்" என்று அறிவித்துவிட்டார். எந்த ஊருக்கு என்பதுதான் மிச்சம். அதைத் தீர்மானிக்க ஊரில் எல்லாருக்கும் உரிமை இருந்தது போல. மதுரைக்குப் போ, அங்கேதான் படிப்பு என்றார் ஒருவர். மதுரையில் யாரைத் தெரியும், ராமநாதபுரமே போதும் என்றார் இன்னொருவர். உச்சிப்புளியில் இருந்தால் ரயிலும் உண்டு பஸ்ஸும் உண்டு, ஊருக்கும் கூப்பிடு தூரம் என்று மூன்றாமவர் சொன்னதைக் கேட்டு வாப்பா இரண்டு நாள் உச்சிப்புளிக்காரராகவே ஆகிப்போனார். ராத்தாவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததைக் குறை என்று அவள் நினைத்ததாகவும் தெரியவில்லை. எந்த ஊரானாலும் பயாலஜி இருந்தால் சரி என்றிருந்தாள்.

வாப்பாவுக்கு எதையும் தானே செய்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஒரு நாள் காலையில் ராத்தாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் போகும் அதே பேருந்தில் ஏறினார். மீசை நரைத்த மனிதர் ஒருவர் பூப்போட்ட பையோடு பள்ளிக்கூட நேரத்துக்குப் பேருந்தில் நிற்பதைப் பார்த்து மீன்காரப் பெண்கள், எங்களவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடியே, "என்ன காக்கா, எத்தனாங் கிளாசு?" என்று கேட்டார்களாம். அவர் சிரிக்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் தோளைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "இந்த பஸ்ஸுல புள்ள போக ஏலாது" என்றார். அன்றோடு உச்சிப்புளி அடிபட்டது. மதுரையை ஏற்கனவே உம்மாவின் அழுகை அடித்துவிட்டிருந்தது. ராமநாதபுரம், அதுவும் நடந்து போகிற தூரத்தில் வீடு என்று முடிவானது.

வாடகை வீடு தேடி நாங்கள் எல்லாருமே போனோம். முதல் வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகு, "வீட்டுல ஆம்பள யாரு இருப்பா?" என்று கேட்டார். லீவில் வருவேன் என்றார் வாப்பா. சாவி மறுபடியும் ஆணிக்குப் போய்விட்டது. இரண்டாவது வீட்டில் ஒரு அம்மா, "மீன் சமைப்பீகளா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே பதிலாகிவிட்டது. மூன்றாவது வீட்டில் ஆட்சேபணை ஒன்றுமில்லை, ஆனால் குழாயில் வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. கடலையே பக்கத்தில் வைத்திருந்த எங்கள் ஊர்க் கிணறு அதைவிட எவ்வளவோ மேல். லீவு கரைந்துகொண்டே வந்தது. ஊரை விட்டு ஊர் போகலாம் என்று முடிவெடுத்த ஒரு மனிதர், தெருவுக்குத் தெரு "வீடு இருக்குங்களா" என்று கேட்டு நிற்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

அப்போதுதான் உம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அந்த யோசனையைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். வாப்பாவும் அப்படி வந்தவர்தான். நாங்கள் இருந்த வீட்டில் பாதி உம்மாவுக்கு, பாதி உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சிக்கு. ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிப்பவர்கள் வயதைக் கேட்கமாட்டார்கள், "அவளுக்கு காங்கிரீட் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள், கூரை எழும்பிவிட்டால் பெண் தயார் என்று அர்த்தம். மாமா சொன்னது இதுதான்: "வாடகைக்குத் தெருத்தெருவா நிக்கிறதுக்கு, புள்ளைக்குக் குடுக்கப்போற வீட்ட இங்கனயே வாங்கிப் போட்டா என்ன மச்சான்? படிப்புக்கும் ஆச்சு, பின்னாடி அவளுக்கும் ஆச்சு."

எவ்வளவு நியாயமாக இருந்தது அது. இன்று வரைக்கும் அந்தப் பேச்சில் எங்கே கை வைத்துத் தப்பு என்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், மதில் சுவரை ஒட்டின மாதிரி ஒரு வீடு விலைக்கு வந்தது. தண்ணீரும் நன்றாக இருந்தது. வாப்பா அத்தனை வருஷம் சேர்த்ததையெல்லாம் கொட்டி அதை வாங்கி, ராத்தாவின் பேரிலேயே வைப்பதாக எல்லாருக்கும் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். போகும்போது அவளிடம், "மணி அடிச்சப்பறம் கெளம்புனாப் போதும்டீ" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை.

உம்மாதான் தவித்துப்போனார். பிறந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே குடியிருந்தறியாதவர். சாமான் ஏற்றின வண்டி கிளம்பின பிறகும் பின்கட்டில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி இரண்டு தடவை உள்ளே போனார். "பெத்த புள்ளைக்காக" என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் பாதி, சாச்சியின் பிள்ளைகளுக்குப் படுக்கிற இடமானது.

ஆனால் ராத்தாவுக்கு அது நல்ல காலம். முதல் மணி அடிக்கும்போது பின்னலை முடிந்துகொண்டிருப்பாள், இரண்டாவது மணிக்கு வகுப்பில் இருப்பாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு சாப்பிட்டுவிட்டுப் போவாள். சீருடையில் வாசனை இல்லை. சாயங்காலம் சிநேகிதிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பார்கள். எனக்கும் எலும்புகளின் பெயர்களெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பன்னிரண்டாவதை முடித்து மதுரைக்குப் போய்க் கல்லூரியில் படிப்பது என்பதை அவள் யாரிடமும் கேட்கவில்லை, மழைக்குப் பிறகு வெயில் வரும் என்பது போல எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு பார்க்கச் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் முதலில் கூடத்தைப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள், பிறகு ராத்தாவைப் பார்த்தார்கள். அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது ஏர்வாடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் ராமநாதபுரத்திலேயே செல்போன் கடை வைத்திருந்தான். தினமும் ஏர்வாடியிலிருந்து வந்து போவது பெரிய பாடாக இருக்கிறதாம். அவனுடைய தாயார் உட்கார்ந்து டீயைக் குடித்தபடி, "பஸ் ஸ்டாண்டு எம்புட்டு தூரம்? ஸ்டேசனுக்கு நடந்து போயிரலாமா? தண்ணி எப்பிடி? பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் வீடு தேடும்போது வாப்பா கேட்ட கேள்விகள். எல்லாவற்றுக்கும் எங்கள் வீடு நல்ல பதிலைத்தான் சொன்னது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா போன் பேசுவார். அந்த வெள்ளிக்கிழமை மாமாவும் வந்திருந்தார். "நான் அவ படிக்கணும்னுல வாங்குனேன்" என்று வாப்பாவின் குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. "யாரு படிக்க வேணாம்னா? பன்னெண்டு முடிக்கட்டும், பதினெட்டும் முடியட்டும்" என்றார் மாமா. "வீட்டக் குடுத்து வச்சுக்கிட்டு மாப்பிள்ள பாக்கலைன்னா, புள்ளைக்கு ஏதோ கொறையின்னுல பேசுவாக?" வாப்பாவுக்கோ அப்போது லீவு இல்லை, அவர் வர முடியாது. உம்மா போனை வாங்கி, "நல்ல எடமாத்தான் தெரியுது" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் ராத்தா இருந்த பக்கம் திரும்பவில்லை.

ராத்தா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "மதுரையில படிச்சிட்டு வாரேன் உம்மா. வீடு எங்கயும் ஓடிப் போயிராது." இந்தப் பேச்சு ஏர்வாடிக்காரர்கள் காதுக்கும் போனது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்கள்: "மாப்பிள்ள வந்து வீட்டுல இருப்பான், பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிருவாளா? அவன் யாரு வீட்டுல, யாருக்கு வந்து இருக்கான்?" வாடகை வீடாக இருந்திருந்தால் பரீட்சை முடிந்த கையோடு சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். சொந்த வீட்டை, அதுவும் ஒரு பெண்ணின் வீட்டை, தூக்கிக்கொண்டு போக முடியாதே.

பரீட்சை முடிந்தது. மதிப்பெண் நன்றாகவே வந்தது, மதுரைக் கல்லூரியில் விலங்கியலுக்கு இடமும் கிடைத்தது. பதினெட்டு முடிந்ததும் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையாக வந்த மச்சான் நல்லவர், இன்று வரைக்கும் அதில் மாற்றமில்லை. அவர் காலையில் நடந்தே கடைக்குப் போவார். ராத்தா அடுப்படியில் நிற்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் முதல் மணி அடிக்கும், இரண்டாவது மணி அடிக்கும். ஆரம்பத்தில் அவள் கை ஒரு நிமிஷம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அதுவும் நிற்கவில்லை. எனக்கு அப்போது அழுகையாக வந்தது, ஆனால் யார் மேல் கோபப்பட்டு அழுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் படித்தது நான். நடந்து போனதும் நான், மத்தியானம் வந்து ராத்தா வடித்த சுடுசோற்றைச் சாப்பிட்டதும் நான். அந்த ஒரு வீட்டோடு வாப்பாவின் கை காலியாகிவிட்டதால் எனக்கென்று வீடு ஒன்றும் அமையவில்லை. வீடில்லாத பெண்ணை யாரும் பார்க்க வரவில்லை. உம்மா அதற்காகத் தொழுகையில் அழுதுகொண்டிருந்த வருஷங்களில் நான் மதுரைக்குப் போய்ப் பட்டம் வாங்கினேன், பிறகு இன்னொன்றும் வாங்கினேன், வேலைக்கும் சேர்ந்தேன். கல்யாணம் தாமதமாக, மதுரையிலேயே, வாடகை வீட்டில் இருக்கச் சம்மதித்த ஒருவரோடு நடந்தது. என் படிப்பைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் நான் ராத்தாவின் மதிப்பெண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் அங்கே இல்லை. இடம் போதவில்லை என்று ஊருக்கு வெளியே புறவழிச்சாலைப் பக்கம் போய்விட்டது. பழைய கட்டடத்தை இடித்துக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். புது இடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போக மஞ்சள் வேன்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. புதுமடத்துத் தெருக்களுக்குள்ளும் போகின்றன என்று சாச்சியின் மருமகள் சொன்னாள். மீனும் லோடு ஆட்டோவில் போகிறது. யாரும் எங்கும் குடிபெயர வேண்டியதில்லை. வாப்பா வேலையை விட்டு வந்து சில காலம் அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மௌத்தாகிக் கண்மூடும் வரைக்கும் ராத்தாவின் படிப்புப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

போன வாரம் ராத்தா போன் செய்தாள். அவள் மகளுக்கு மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "உன் வீட்டுல இருந்து போய்வரட்டுமா?" என்று கேட்டாள். இதையெல்லாம் கேட்கவா வேண்டும், நாளைக்கே அனுப்பு என்றேன். மச்சான் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவுக ஒண்ணும் சொல்லல. படிக்கட்டும்னுதான் சொல்றாக. மாடியில ரெண்டு ரூம் எடுக்குறாக, அவளுக்குன்னு."

அவள் குரலுக்குப் பின்னால் மண் சலிக்கிற சத்தமும் யாரோ கம்பி வெட்டுகிற சத்தமும் கேட்டன. இப்போது எதற்கு, வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"பெத்த புள்ளைக்கு வீடு வேணாம்னு எப்பிடிச் சொல்லுறது? நீயே சொல்லு பாப்போம்."

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அவள் காத்திருந்தாள். பிறகு, "சரி, கொத்தனாருக்கு டீ குடுக்கணும், வக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.