இருபத்தெட்டு செகண்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் மும்பையில் தேவ்நாருக்குப் போனால் அந்தத் தோல் வெட்டும் பிரஸ்ஸைப் பார்க்கலாம். இன்னும் அங்கேதான் நிற்கிறது. தளவாயையும் பார்க்கலாம், மாட்டுங்கா லேபர் கேம்பில். ஆனால் அவனிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது. கேட்டால் கையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். இந்தக் கதையை என்னிடம் துண்டு துண்டாகச் சொல்லி முடிக்கவே அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

தளவாய்க்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. திரையில் படமும் பொத்தானும் இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தே வேலையை முடிக்கிறவன். அவன் மனைவி விஜயராணி தாராவியில் அப்துல் வாஹிதின் தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தோல் வெட்டும் பிரஸ்ஸுக்கு அடியில் விழுகிற வெட்டுத் துண்டுகளுக்குக் கத்தரன் என்று பெயர். உள்ளே ஊர்ந்து போய் அதைக் கூட்டி அள்ளுவதுதான் அவள் வேலை. சாயங்காலம் மிஷினை அணைத்த பிறகு கூட்டுவாள் என்று தளவாய் நினைத்திருந்தான். கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச்சு குறைவு.

அந்தப் பிரஸ்ஸை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். மெயின் சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் எழும். எழுந்து முடித்ததும் பிரஸ்ஸின் இரும்பு மேசை ஒரு தடவை தரைவரை இறங்கி, அளவு பார்த்துக்கொண்டு மேலே ஏறும். அதன் பிறகுதான் வெட்டு. இதற்கு இரண்டரை நிமிஷம் ஆகிறது என்பது வாஹிதின் குறை.

"அது எந்திக்கதுக்குள்ள நான் சாயா குடிச்சு கிளாஸையும் கழுவி வச்சுருதேன்வே," என்றார் தளவாயிடம். திங்கட்கிழமை காலையில் தோல் வாங்கும் கம்பெனிக்காரர்கள் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் முன்னால் மிஷின் இப்படிச் சோம்பல் முறித்தால் ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, போனால் புருஷனும் பொண்டாட்டியும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தளவாய் சாவி வாங்கிப் பட்டறையைத் திறந்தான். யாரும் இல்லை. தகரக் கூரையில் மழை. மெயினைப் போட்டான். பிரஸ்ஸின் அடியில் ஒரு டியூப் லைட் தானாக எரிந்தது.

மிஷின் எழுந்து முடித்ததும் கட்டளையை அடித்தான். மொத்தம் இரண்டு நிமிஷம் முப்பத்தொரு செகண்டு என்றது. அடுத்து இன்னொரு கட்டளை. எது எவ்வளவு நேரம் தின்றது என்று ஒவ்வொன்றின் மேலும் பழியைப் போட்டு வரிசைப்படுத்தும் கட்டளை அது. மற்றவை எல்லாம் இரண்டு செகண்டு, மூன்று செகண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தின்றிருந்தது. அதன் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் தமிழ்தான்.

இருக்கியா.

மிஷின் செய்த கம்பெனிக்காரன் வைத்த பெயரில்லை. இங்கே யாரோ எழுதிச் செருகியது. திறந்து பார்த்தான். நாலே வரி. பிரஸ்ஸின் பின்னால் ஒரு பட்டன் இருக்கிறது, அதை யாராவது அழுத்தும்வரை காத்திரு, அழுத்தாமல் மேசையை இறக்காதே. அவ்வளவுதான்.

பின்னால் போய்ப் பார்த்தான். பட்டன் இருந்தது. முழங்கால் உயரத்தில், பச்சை நிறத்தில், மேலே தோல் தூசி அப்பிக்கிடந்தது. அதிலிருந்து வந்த வயர் ஒரு சாண் தூரத்தில் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது.

அப்படியானால் மிஷின் எழவே கூடாது.

பழைய பதிவுகளைப் புரட்டினான். ஒவ்வொரு நாள் காலையிலும் கேள்வி போயிருந்தது, பதிலும் வந்திருந்தது. ஒரு நாள் ஒரு நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்டில், ஒரு நாள் இரண்டு நிமிஷம் ஐந்து செகண்டில். மிஷினுக்கு இப்படி முன்பின் வராது. ஓர் ஆள் வேலையை முடித்துவிட்டு வருகிற நேரம் மாதிரி இருந்தது.

வாஹிதுக்குப் போன் போட்டான். முன்னால் மிஷின் ஓட்டிய ஜெயராம் என்கிறவன் செய்த கிறுக்குத்தனம் அது என்றார். மிஷின் எழும்போது அடியில் ஆள் போகிற வழக்கமே இங்கே இல்லை என்றார். "பிடுங்கிப் போடும்வே," என்று வைத்துவிட்டார்.

பிடுங்குவதற்கு முன் இன்னொரு தடவை அளந்து பார்க்க நினைத்தான். மெயினை அணைத்துப் போட்டான். இந்தத் தடவை பட்டன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

அடியில் லைட் எரிந்தது.

மழைச் சத்தம். பிறகு...

சரக்... சரக்...

துடைப்பம். சிமெண்டுத் தரையில் துடைப்பம்.

குனிந்து பார்த்தான். அடியில் யாரும் இல்லை. கத்தரன் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மூலையை நோக்கி.

சரக்...

நின்றது.

பச்சைப் பட்டன் உள்ளே போனது. வெளியே வந்தது. தூசியில் ஒரு விரல் தடம்.

மேசை இறங்கியது.

தளவாய் எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. திங்கட்கிழமையை நினைத்தான், விஜயராணியின் வேலையை நினைத்தான். அந்த நாலு வரியை எழாதபடி கட்டிப்போடும் கட்டளையை அடித்தான். கடைசியாக ஒரு தடவை மெயினை அணைத்துப் போட்டான்.

இருபத்தெட்டு செகண்டு.

அதற்குள்ளும் அது கேட்டது. சரக்... சரக்... மேசை இறங்கியதும் சத்தம் பாதியில் அறுந்தது. இரும்பு தரையில் கணீரென்று உட்கார்ந்தது.

பூட்டிவிட்டு வந்துவிட்டான்.

வீட்டில் விஜயராணி மீன் அரிந்துகொண்டிருந்தாள். "சரியாயிட்டா?" என்றாள். "ம்," என்றான். அவன் மேலே ஏதாவது சொல்வான் என்று அரிவாள்மனையில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்தான். அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவன் செம்பூரில் ஓர் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டு, ஒன்பது மணிக்கு நேராகப் பட்டறைக்கு வந்தான். கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். வாஹித் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றார். கையில் போன், அதில் ஸ்டாப்வாட்ச்.

"விஜயராணி எங்க பாய்?"

"இன்னும் வரலவே," என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெயினைப் போட்டார்.

அடியில் லைட் எரிந்தது.

சரக்... சரக்...

தளவாய் திரும்பினான். மற்றவர்களுக்குக் கேட்கிறதா என்று முகங்களைப் பார்த்தான். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனக்கு மட்டும்தான் என்று நினைத்தான். நேற்றும் இப்படித்தான். மேசை இறங்கினால் நின்றுவிடும்.

கண்ணை மூடிக்கொண்டான்.

சரக்...

இருபது. இருபத்தொன்று.

சரக்...

குனிந்து பார்த்திருக்கலாம். ஒரு முழம் குனிந்தால் போதும்.

இருபத்தெட்டு.

நின்றது.

ஆனால் இரும்பு தரையில் கணீரென்று உட்காரவில்லை.

மெத்தென்று உட்கார்ந்தது.

"இருபத்தெட்டு," என்றார் வாஹித், கம்பெனிக்காரர்களைப் பார்த்துச் சிரித்து.

தளவாய் கண்ணைத் திறந்தபோது பிரஸ்ஸின் ஓரத்தில் ஒரு செருப்பு கிடந்தது. நீல வார். போன தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்தது.

அவள் எட்டே முக்காலுக்கே வந்து பின்பக்கமாக உள்ளே போயிருந்தாள். அடியில் இருட்டு. மெயினைப் போட்டால்தான் அந்த லைட் எரியும். எரிந்த பிறகுதான் கூட்ட முடியும். மிஷின் எழுகிற அந்த இரண்டரை நிமிஷம்தான் தினமும் அவளுக்குக் கிடைத்த வெளிச்சம். கூட வேலை செய்தவர்களிடம் பெருமையாகச் சொல்லுவாளாம்: "இந்த மிஷினுக்கு மரியாத தெரியும். நான் வெளிய வந்தாத்தான் எறங்கும்."

அனுமதி இல்லாமல் உள்ளே போனாள் என்று வாஹித் போலீஸில் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, புது டிஸ்க் போட்டு, பிரஸ்ஸைத் தேவ்நாரில் ஒருவருக்கு விற்றார்.

பதினாறாம் நாள் ஜெயராம் பாண்டுப்பிலிருந்து வந்தான். வாசலிலேயே நின்று சொன்னான். விஜயராணிக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள் ஷரீஃபுன்னிசா. அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று வாஹித் சொன்னது பொய். அதே மேசைக்கு அடியில் நசுங்கிப் போனவள் அவள். அவள் செத்த மறுநாள் ஜெயராம் அந்த நாலு வரியையும் பட்டனையும் வைத்தான். அன்று சாயங்காலமே வாஹித் வயரை வெட்டினார். ஜெயராம் வேலையை விட்டுப் போனான்.

"வயர் இல்லாம அது ஒருநாளும் எழுந்திருக்கக் கூடாது," என்றான். "யார் அமுக்கினான்னு எனக்குத் தெரியலை."

தளவாய்க்குத் தெரியும். இரண்டு மாதம் தன் மனைவியை யார் தினமும் வெளியே அனுப்பிவிட்டு அழுத்தினார்கள் என்று. அதை யார் கட்டிப்போட்டார்கள் என்றும்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை போன் வந்தது. தேவ்நாரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அர்பாஸ். பழைய பிரஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, எழுவதற்கு ரொம்ப நேரம் எடுத்தது, அளந்து பார்த்தேன் என்றான்.

"மேலேயே ஒண்ணு நிக்குது அண்ணே. இருக்கியான்னு பேரு. புது டிஸ்க்கு, யாரும் எழுதலைங்கிறாங்க. வயரே இல்லாத பட்டன் ஒண்ணு... தினம் ரெண்டு தடவ அமுங்குது. ஒண்ணு முடிஞ்சு, ரெண்டு செகண்டு விட்டு இன்னொண்ணு."

"எடுக்காத," என்றான் தளவாய்.

"நேத்தே எடுத்துட்டேன் அண்ணே. இப்பத்தான் மெயினைப் போட்டேன். இருபத்தெட்டு செகண்டுல எந்திரிக்கும் பாருங்க."

போனில் அவன் குரலுக்குப் பின்னால்...

சரக்... சரக்...

"அர்பாஸ். அங்க கீழ யாரு கூட்டுறா?"

"கூட்டுறதுக்கு ஒரு அக்கா உண்டு அண்ணே," என்றான் அவன். "இன்னைக்கு இன்னும் வரலை."