படைத்துவிட்டுத் திறந்த லேப்டாப்

கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு, விருத்தாசலத்துக் கடையொன்றில் கையைக் கடிக்காத விலையில் முதல் லேப்டாப் வாங்கினேன்.

"இங்கயே தொறந்து பாத்துரலாம்மா" என்றாள்.

"சாமிக்குப் படைக்காம பிரிக்கக் கூடாது, சும்மா இரு" என்று அதட்டினேன்.

பத்து நாள் கழித்து, வளர்பிறையில் படைத்துத் திறந்தோம். திரையில் யாருடைய கல்யாணப் படமோ வந்தது. புதிது என்று சொல்லிப் பழையதை விற்றிருக்கிறான் கடைக்காரன். அப்போதே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"மாத்திக் குடுக்குற ஏழு நாளு தாண்டிடுச்சுங்க. பூசை பண்ணவா வாங்குனீங்க?" என்று கடைக்காரன் சிரித்தான்.

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளைத் தட்டிப் பார்த்தே விரிசல் கண்டுபிடிப்பவள் நான். இதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்திருந்தேன்.

"வாம்மா, போலாம்" என்றாள் மகள்.

எழுத்து தேய்ந்த அந்த லேப்டாப்பில்தான் இப்போதும் படிக்கிறாள். அவள் தட்டும் சத்தம் கேட்டாலே அந்தக் கடைக்காரன் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது. அவளை அதட்டிய என்னைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.