ஒரு பாட்டு நேரம்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தோளில் துணிமூட்டை, கையில் தரை துடைக்கிற துணி. பழைய பாலராமபுரம் வேட்டியைக் கிழித்தது. ஓரத்தில் கரை மட்டும் மங்காமல் இருந்தது. அந்த வீட்டுக் கிணற்றடியிலேயே அதைப் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கிளம்பிய அவசரத்தில் கையோடு வந்துவிட்டது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். மண்ணெண்ணெய் மணத்தது. எனக்குப் பின்னால், அந்த வீட்டில், ஒரு தாயும் மகளும் சேர்ந்து இருந்தார்கள். அவர்கள் அப்படியே இருக்க வேண்டுமென்றால் நான் நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. கள்ளிக்காட்டுப் பக்கம் பாறை உடைத்திருக்கிறேன், காட்டாக்கடைச் சந்தையில் வாழைக்குலை இறக்கியிருக்கிறேன், ஒரு லாட்ஜில் ஒரு வருடம் அறை கழுவியிருக்கிறேன். ஓரிடத்தில் அதிக காலம் இருந்தது அந்த லாட்ஜில்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு துலாமாதம், ஐப்பசி மழைக்காலம், எல்லையோரக் கிராமம் ஒன்றின் கிறிஸ்தவச் சபைக்கோயிலுக்கு வெள்ளையடிக்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. கோயிலில் மணியடிக்கிறவர் புதன்கிழமை வந்து சொன்னார்: "மக்கா, இங்க சும்மா இருந்து என்ன செய்யப் போற? டீச்சருக்க வீட்டுக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை அங்க வீட்டுக்கூட்டம் உண்டு. அந்த வீடு கிடக்கிற அழுக்குல ஒரு மனுசன் கால் வைக்க முடியாதாக்கும்."

வீட்டுக்கூட்டம் என்பது சபையார் முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பது. டீச்சரின் கணவர் லாரி விபத்தில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. டீச்சருடைய முறை இரண்டு தடவை வந்தும் வேண்டாமென்று விட்டுவிட்டார். பள்ளிக்கு நீண்ட விடுப்பு, கோயிலுக்கும் வருவதில்லை. இந்த முறை கணவரின் அண்ணன், சபைக் கமிட்டியில் இருப்பவர், டீச்சரைக் கேட்காமலே கூட்டத்தைக் கோயிலில் அறிவித்துவிட்டார். எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீடு கிடக்கிற கிடையைப் போதகரும் சபையாரும் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த கையோடு பத்து வயது மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். மகளின் துணியை ஒரு பையில் எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்பியும் இருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கே அவர் சொல்வது சரியென்று பட்டது. சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, பூஞ்சணம் பூத்து நின்றன. திருத்தாத விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக ஈரத்தில் ஊறிக் கிடந்தன. ஜன்னல் கம்பிகளுக்கிடையே குளவி கூடு கட்டியிருந்தது. சிவப்புக் காவி போட்ட சிமெண்டுத் தரை என்பது கட்டிலுக்கு அடியில் மட்டும் தெரிந்தது. கட்டிலில் டீச்சர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். என் வயதுதான். "செய்யணும்னு தெரியும் அண்ணே. கொண்டுபோயிருவாங்கன்னும் தெரியும். எழும்பினா இதொக்க கண்ணுல படுது, திரும்பப் படுத்துருவேன்" என்றார்.

அது எனக்குத் தெரிந்த விஷயம். லாட்ஜில் வேலை போன சமயம் நானும் இரண்டு வாரம் அப்படிக் கிடந்திருக்கிறேன். அழுக்கு மனிதனைப் படுக்க வைப்பதில்லை. மொத்த அழுக்கையும் ஒரே பார்வையில் பார்ப்பதுதான் படுக்க வைக்கிறது. ஒரு தம்ளரை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "வீட்டப் பாக்காதீங்க டீச்சரே. இதக் கழுவுங்க. பெறவு வேணும்னா படுங்க." அவர் அந்தத் தம்ளரைச் சாம்பல் போட்டுக் கழுவினார். கழுவும்போது வாய்க்குள் ஏதோ பாடினார். பாட்டு முடிகிறபோது ஆறு தம்ளர் கழுவியிருந்தார். கையை உதறிவிட்டுச் சொன்னார்: "ஒரு பாட்டு நேரம் என்னால முடியும். அதுக்கு மேல கேக்காதீங்க."

அதுவே அந்த வீட்டின் சட்டமாயிற்று. பாட்டு முடியுமுன் எழுந்திருக்கக் கூடாது. முடிந்தபின் ஒரு நிமிடமும் செய்யக் கூடாது, உட்கார்ந்துவிட வேண்டும். சட்டம் அவருடையது. அந்த இரண்டாவது பாதியில்தான் சூட்சுமம் இருந்தது என்று பிறகு புரிந்துகொண்டேன். ஓய்வு உறுதி என்று தெரிந்தால் உடம்பு எழுந்து வருகிறது. புதன்கிழமை இரண்டு பாட்டு, வியாழக்கிழமை ஐந்து, வெள்ளிக்கிழமை எண்ணவில்லை. எப்போதும் ஒரே பாட்டு, இழுத்து இழுத்துப் பாடுகிற மெதுவான பாட்டு. ஏன் அதையே பாடுகிறீர்கள் என்று கேட்டேன். "அவருக்க அடக்கத்துக்குப் படிச்ச பாட்டு. இதுதான் நீளம்" என்றார். சொல்லும்போது புளியை வைத்துப் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

என் பங்குக்கு லாட்ஜில் பழகியதைச் செய்தேன். மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் ஒட்டடை, பிறகு ஜன்னல், கடைசியில் தரை. தரையைத் தூத்துப் பெருக்கிய பிறகு ஒட்டடை அடித்தால் இரண்டு தடவை வேலை. ஜன்னல் கண்ணாடிக்குத் துணியைவிட நனைத்த செய்தித்தாள் நல்லது. கரி பிடித்த பாத்திரத்தை உடனே தேய்க்கக் கூடாது, சுடுதண்ணீரில் ஊறவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். தூர மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்து துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் காலே நமக்கு எதிரி. காவித் தரைக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி மண்ணெண்ணெய் விட்டால் எறும்பு வராது, பளபளப்பும் வரும். ஒரு மூடிதான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அந்தக் கணக்கை மீறினேன். கூட்டம் நாலு மணிக்கு. மழை ஈரத்தில் முன்னறைத் தரை வெளுத்துக் கிடந்தது; எத்தனை துடைத்தும் ஒளி வரவில்லை. ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரு தம்ளர் நிறைய வாளியில் ஊற்றிவிட்டேன். சாரல் உள்ளே அடிக்காதபடி ஜன்னல்களைச் சாத்தினேன். காய்வதற்குள் யாரும் மிதித்துவிடக் கூடாதென்று டீச்சர் முன்கதவைத் தாழிட்டார். மகளுக்குப் பின்னறையில் தலை பின்னிவிட்டுவிட்டு, நடுவறையில் விட்டுப்போன ஒரு மூலையைத் துடைக்க மண்டியிட்டார். நான் கிணற்றடிக்குத் துணி அலசப் போனேன்.

சபையார் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். கிணற்றடியில் நின்ற எனக்கு முதலில் முற்றத்தில் குடைகளுக்கடியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு அது சட்டென்று நின்றது. பூட்டிய வீடு. கதவிடுக்கெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. உள்ளே டீச்சரின் குரல், ஏழு மாதத்துக்கு முன் அதே முற்றத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடிய அடக்கப் பாட்டை ஒற்றையாகப் பாடிக்கொண்டிருந்தது.

"பிள்ளே! பிள்ளே, கதவத் தெற!" என்று அண்ணன்காரர் கத்தினார். பாட்டு நிற்கவில்லை. முடியுமுன் எழுந்திருக்கக் கூடாது என்பது சட்டம். கூரைத் தகட்டில் மழை வேறு. "எலே, என்ன பாத்துட்டு நிக்குதிய? ஒடைங்கலே! கொச்சுப்பிள்ளையும் உள்ள உண்டு!"

நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். "ஒண்ணும் இல்ல, தரை தொடச்சது" என்று கத்தினேன். யாரென்றே தெரியாத ஒருவன் சொல்வதை அப்போது யார் கேட்பார்கள்? நான் போய்ச் சேருவதற்குள் மூன்று பேர் தோள் கொடுத்து இடித்துத் தாழைப் பெயர்த்துவிட்டார்கள். அண்ணன்காரர் முதலில் பாய்ந்தார். ஈரத் தரை அவரை நிற்கவிடவில்லை. முன்னறை முழுக்க வழுக்கிக்கொண்டு போய், நடுவறையில் மண்டியிட்டிருந்த டீச்சரின் வாளிமேல் மோதி நின்றார். வெள்ளை வேட்டியின் பின்பக்கமெல்லாம் காவி.

டீச்சர் பாட்டின் கடைசி வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தார். உடைந்த கதவை, வாசலில் வாய் திறந்து நின்ற கூட்டத்தை, தரையில் கிடந்தவரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். அவர்கள் என்ன நினைத்துவிட்டார்கள் என்பது முகத்தில் மெல்ல ஏறுவதைப் பார்த்தேன்.

"அத்தான், எழும்பாதீங்க. தொடச்ச எடத்துல கால் வைக்காதீங்க. இந்தாங்க" என்று கையிலிருந்த துணியை அவருக்கு நீட்டினார்.

வாசலில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன்காரர் சிரிக்கவில்லை. அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். "நீயும் போயிட்டேன்னு நெனச்சேன் பிள்ளே. அவனக் கொண்டுவந்து வச்ச அதே வாசலாக்கும்."

கூட்டம் நடந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போய், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வெளியே வந்தார்கள். பால் விடாத கட்டன்சாயா குடித்து முடிந்தபோது போதகர் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, துணிப்பையை அவிழ்க்கலாமே என்றார். அண்ணன்காரர் தலையாட்டினார். ஆனால் சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே, "பின்ன, இந்த ஆளு யாரு? நாலு நாளா இங்கதான்னு கேட்டேன்" என்றார்.

நான் படுத்ததெல்லாம் கோயில் கொட்டகையில்தான். அதை மணியடிக்கிறவரும் சொன்னார். ஆனாலும் அண்ணன்காரர் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலைக்கு வந்தவங்க" என்றார் டீச்சர்.

"வேல முடிஞ்சாச்சா?"

டீச்சருக்குப் பொய் வராது. "பின்னறை அலமாரி பாக்கி உண்டு" என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. மகளின் கை பையின் முடிச்சிலேயே நின்றது.

"முடிஞ்சாச்சு" என்றேன் நான். "அலமாரி டீச்சர் ஒத்தைக்குச் செய்யலாம்."

டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். "எத்தன பாட்டு வரும்?"

"மூணு."

மகள் முடிச்சை அவிழ்த்தாள். நான் மூட்டையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரைகள் துடைத்துவிட்டேன். இப்போது தள்ளிக்கொண்டு போகிற இயந்திரமும் வாசனைத் திரவமும் வந்துவிட்டன. இருந்தும் எழுந்திருக்க முடியாத காலைகள் எனக்கும் வருகின்றன. அப்போது அந்தப் பாட்டைத்தான் இழுக்கிறேன். அவர்கள் சபைக்காரன் அல்ல நான். வார்த்தை தெரியாது, மெட்டு மட்டும் தெரியும். சில வருடங்கள் கழித்து ஒரு தடவை அந்த வழியாகப் போனேன். நெடுநெடுவென்று வளர்ந்திருந்த பெண் ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் வீட்டு வாசற்படிக்குக் கீழே காத்து நின்றாள். உள்ளே தரை ஈரமாக மின்னியது. நிற்காமல் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு நன்றாக இருட்டிய பிறகு நெய்யாற்றின்கரை போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆள் வேண்டுமென்றார்கள். தலைமை நர்ஸ் ஒரு நீண்ட நடைபாதையைக் காட்டி, "இதொக்க ஒத்தைக்குச் செய்வியா?" என்றாள். நான் பாதையைப் பார்க்கவில்லை, என் கால் நின்ற இடத்தை மட்டும் பார்த்து, செய்வேன் என்றேன். மூட்டையிலிருந்து கரை வைத்த துணியை எடுத்தேன். இன்னும் மணத்தது. அவள் மூக்கைச் சுளித்தாள். குழாயடியில் மூன்று தடவை அலசிப் பிழிந்தேன். பிறகு ஜன்னல்களையெல்லாம் திறந்தேன், இரண்டு பக்கக் கதவுகளையும் அகலத் திறந்து கல் முட்டுக்கொடுத்தேன். தூர மூலைக்குப் போய் மண்டியிட்டு, யாருக்கும் கேட்காதபடி வாய்க்குள் தொடங்கினேன்.