பீச்சாங்கைக் கத்தரி

பழனாத்தாள் என்னிடம் முதலில் காட்டியது தன் கட்டைவிரலைத்தான். 1964ஆம் வருஷம். நான் திருப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. கழுவிப் பார்த்தேன். கத்தரிக்கோல் பிடிப்பவர்களுக்கு வருகிற புண். ஆனால் இடது கையில் வந்திருந்தது.

"கத்தரிய எந்தக் கையில புடிக்கறே?"

"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க நர்சம்மா. பீச்சாங்கைலதானுங்க."

மருந்து வைத்துக்கொண்டே மீதியைக் கேட்டு வாங்கினேன். பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மழை பொய்த்த வருஷம் புருஷனோடு திருப்பூர் வந்தவள். பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜைக்கடியில் விழும் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது வேலை. கழுத்து வெட்டினால் துண்டு எப்படி விழும், கை நுழைகிற கைக்குழி வெட்டினால் எப்படி விழும், துணி நழுவியிருந்தால் எப்படிக் கோணும் என்று குனிந்தபடியே படித்துவிட்டாள். வீட்டில் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வெட்டிப் பழகினாள். வெட்டுகிறவர்களில் ஒருவன் வேறு கம்பெனிக்குப் போனதும், "நான் வெட்டறனுங்க" என்று முதலாளி சென்னியப்பன் முன்னால் போய் நின்றாள். தீபாவளிச் சரக்கு தேங்கிக் கிடந்தது. அவர் சரியென்றார்.

கட்டிங் மாஸ்டர் மயில்சாமி அவள் பெண் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கையைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பீச்சாங்கையில புதுத்துணியத் தொட்டா கம்பெனி வெளங்குமா, அம்மிணி? சோத்தாங்கையில வெட்டு. முடியாதுன்னா சாக்கெடுத்துக்கிட்டுக் கீழ போ."

வலது கையில் வெட்டினால் ஓரம் பல்பல்லாக வந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் இடது கைக்கு மாற்றினாள். வலக்கைக்காரர்களுக்குச் செய்த கத்தரி இடது கையில் வாய் விரியும். துணியை வெட்டாமல் மடித்து விழுங்கும். அதை நெருக்கிப் பிடித்துப் பிடித்துத்தான் விரல் இப்படி ஆகியிருந்தது.

"ரெண்டுல ஒண்ணு பண்ணு" என்றேன். "வெட்டறத உடு. இல்லாட்டி உங்கைக்குத் தக்கன கத்தரி செஞ்சுக்க. கை தப்பில்ல, கத்தரிதான் தப்பு. இதே புண்ணோட மறுபடி இங்க வராத."

பொங்கலூரில் ஒரு கொல்லரிடம் போனாள். "கண்ணாடியில பாத்தாப்பல கத்தரியா? அதுல வெட்டுனா துணி பின்னால நடக்குமா, அம்மிணி?" என்று அவர் சிரித்தாராம். "சிரிச்சு முடிச்சுட்டு அடிங்க" என்று உலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். முதலில் செய்தது கவ்வவில்லை. திரும்ப அடிக்க வைத்துத்தான் எழுந்தாள்.

அந்தக் கத்தரியோடு பழகும்போதுதான் ஒன்று அவளுக்குப் பிடிபட்டது. பனியனுக்குக் கைக்குழி இரண்டு. வலக்கைக்காரர் ஒன்றை வெட்டிவிட்டு மற்றதற்குத் துணியடுக்கைத் திருப்பிப் போடுவார். திருப்பும்போது அடுக்கு நழுவும். ஒரு கைக்குழி பெரிதாகப் போகும். இடக்கைக்காரி ஒருத்தி கூட நின்று மற்றதை வெட்டினால் திருப்பவே வேண்டியதில்லை.

அவள் அந்தக் கத்தரியை மேஜைமேல் வெளிப்படையாக வைத்த அன்று, தொழிலாளர்களுக்குக் காலரா ஊசி போட நான் அங்கே போயிருந்தேன்.

"முதலாளி, ஒண்ணு அந்தக் கத்தரி. இல்லாட்டி நான்" என்றார் மயில்சாமி.

சென்னியப்பன் இரண்டு பேரையும் இழக்க விரும்பாதவர். "அம்மிணி, ஒவ்வொரு அடுக்குக்கும் மொத வெட்டு மட்டும் சோத்தாங்கையில வெச்சுரு. அப்பறம் எப்படியோ வெட்டிக்க. மாஸ்டருக்கும் மரியாதி, சாமிக்கும் மரியாதி."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மேஜை அவள் கையைவிட்டுப் போகாதே. அவளுக்கு அப்படிப் படவில்லை.

"இல்லீங்க. மொத வெட்ட ஒளிச்சுட்டா மிச்சமெல்லாம் திருட்டு வெட்டாயிருமுங்க. மனுசனுக்கு ரெண்டு அக்குளுங்க. பீச்சாங்கைப் பக்கத்து அக்குள மாஸ்டரு வெட்டாமயா உடறாரு?"

தையல் மிஷின் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"கையி ஒண்ணுன்னாலும் வாயி ரெண்டு ஆளு வேல செய்யுது" என்றார் மயில்சாமி.

"அப்ப சாக்குத்தான் அம்மிணி" என்றார் முதலாளி.

"சாக்கு எடுக்க மாட்டனுங்க. மேஜையில நிக்கறேன், இல்லாட்டி வெளிய போறேன். கத்தரி எம்படது, எங்கூட வந்துருமுங்க. வீரபாண்டியிலயும் கம்பெனி இருக்குதுங்க."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கோடு போட்ட அடுக்கு தயாராகக் கிடந்தது. இடது கையால் முதல் வெட்டை வைத்தாள். ஒரு பக்கத்துக் கைக்குழி முழுக்க வளைந்து இறங்கியது. ஓரத்தில் ஒரு பல் இல்லை. ஒருவரும் தடுக்கவில்லை, பாதி வெட்டிய துணியை யார் பிடித்து இழுப்பார்கள்?

"மாஸ்டர், இனி உங்க பக்கம்" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

வெட்டிய பனியன் துணி சும்மா கிடந்தால் ஓரம் சுருளும். சுருளத் தொடங்கியிருந்தது. மயில்சாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி துணியைப் பார்த்தார். மாஸ்டர் பழக்கத்தில் அடுக்கைத் திருப்பக் கை நீட்டினார்.

"திருப்போணும்னு இல்லீங்க. அப்படியே வெட்டுங்க."

அவர் முகம் சிவந்தது. ஆனால் வெட்டினார். முடித்ததும், "ஓரத்தப் புடிச்சுக்க" என்று மட்டும் முனகினார். அவளும் பிடித்துக்கொண்டாள். நான் அடுத்த ஆளுக்கு ஊசி போடப் போனேன்.

மயில்சாமி வயதாகி வேலையிலிருந்து நின்றபின், 1972இல், அந்த மேஜைக்குப் பழனாத்தாளே மாஸ்டரானாள். வேலை பழக வருகிறவர்கள் கீழே விழுந்த துண்டைப் பார்த்து வெட்டிலுள்ள தப்பைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கத்தரி. அவளை மாஸ்டர் என்று கூப்பிட ஆண்கள் சிலருக்கு வாய் வரவில்லை. "ஏம்மா, சாக்பீஸ்" என்று கை நீட்டுவார்கள். அவள் காது கேளாதவள்போல் வெட்டிக்கொண்டிருப்பாள். சாக்பீஸ் அவளிடம்தான் இருக்கும், கோடு போடாமல் வேலை நடக்காது. மதியத்துக்குள் எப்படியும் மாஸ்டர் என்று கூப்பிட்டுவிடுவார்கள்.