வடிகட்டிப் பட்டியலில் எழுதிய எண்

கொரோனாவின் இரண்டாம் அலை மும்பையை முடக்கியிருந்த காலம் அது. தாராவியில் நாங்கள் அப்போது குடியிருந்த ஏழு மாடிக் கட்டடத்திற்குச் சீல் வைத்திருந்தார்கள். என் துணைவியார் தொற்று கண்டு மருத்துவமனையில் இருந்தார். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு, செவிலியர் ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கும் நேரத்தில், அவர் வீடியோ அழைப்பில் வருவார். இரண்டு நிமிடங்கள்தான். எங்கள் கட்டடத்திற்குள் கைப்பேசி சிக்னல் நுழையாது. மொட்டை மாடிக்கும் பூட்டு. எனவே அந்த இரண்டு நிமிடங்களும் வீட்டு வைஃபையை நம்பியே இருந்தன.

ஆறாம் நாள், அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது முகம் திரையில் அசையாமல் நின்றுவிட்டது. அழைப்பும் அறுந்தது. என்ன சொல்ல வந்தார் என்று அறியாமல் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரையே பள்ளிக்குச் சென்றவன். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, அகராதியின் துணையால் ஆங்கிலம் கற்றேன். ஊன்றிப் படித்தால் விளங்காதது எதுவுமில்லை என்ற செருக்கு எனக்கு உண்டு. மறுநாள் பிற்பகல், வைஃபை ஏன் தடைப்பட்டது என்று பார்க்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, ‘அட்வான்ஸ்டு வயர்லெஸ்’ என்ற பகுதிக்குள் நுழைந்தேன். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் இரண்டு இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றொன்று எவருடையது என்று தெரியவில்லை. எங்கள் வைஃபையை உறிஞ்சி அழைப்பை அறுத்த திருடன் அகப்பட்டான் என்று மகிழ்ந்தேன்.

அங்கேயே ‘மேக் ஃபில்ட்டர்’ என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்ணை அதில் எழுதலாம். ஃபில்ட்டர் என்றால் நான் அறிந்தது காப்பி ஃபில்ட்டர். மாட்டுங்காவில் அரைத்து வாங்கிய தூளை அதில் இட்டால் சக்கை மேலேயே தங்கிவிடும். டிகாஷன் மட்டும் இறங்கும். ஆகவே அந்த அந்நியனின் எண்ணை ஃபில்ட்டரில் இட்டேன். கீழே ‘அலவ்’, ‘டினை’ என, அனுமதிக்க ஒன்றும் மறுக்க ஒன்றுமாக இரண்டு கட்டங்கள். ஃபில்ட்டர் வேலை செய்ய அனுமதி கேட்கிறது போலும் என்று எண்ணி, ‘அலவ்’ என்பதைத் தொட்டுச் சேமித்தேன்.

உடனே என் கைப்பேசியில் வைஃபை அறுந்தது. பட்டியலில் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி என்பதுதான் அதன் பொருள் என்று பிறகே உறைத்தது. திருடன் உள்ளே, நான் வெளியே. ஊசியால் அழுத்தி ரவுட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் இணைப்பு கொடுத்தவர் பதிந்து வைத்த விவரங்களும் அத்தோடு அழிந்துவிடும். அவை என்னிடம் இல்லை. மணி நாலே முக்கால்.

கதவைத் திறந்து மாடி நடைகூடத்தில் நின்றேன். எதிர் வீட்டுப் பெண்மணி, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தவர், வாசலில் அமர்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, மைனி கூப்பிடுற நேரம்லா? வெளிய நிக்கிய?”

நெட் வரவில்லை என்றேன்.

“பந்த் ஆயிட்டா? எனக்கு இன்னைக்கு ஏக்தம் ஃபாஸ்டா ஓடுதே.”

என் முகத்தில் என்ன கண்டாரோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மைனிதான் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தார் என்றும், எனக்குத் தெரிந்திருக்கும் என்றே எண்ணியிருந்ததாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். வளைகுடாவில் விமானமின்றி அகப்பட்டிருந்த கணவரோடு பேச அவருக்கு வேறு வழியில்லை.

மழுப்புவதற்கு நேரம் இல்லை. நான் செய்ததை அப்படியே சொன்னேன்.

“அப்ப ஒங்க நெட்டுக்கு இப்ப நாந்தான் முதலாளியா?” என்றவர், தம் கைப்பேசியை நீட்டினார். “மொதல்ல ஒங்களச் சேத்துக்கிடுங்க அண்ணாச்சி. மணி ஆவுது.”

அவருடைய கைப்பேசியிலேயே ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். சீட்டில் குறித்து வைத்திருந்த அதன் கடவுச்சொல்லை அவசரத்தில் இரண்டு முறை பிழையாக அடித்தேன். மூன்றாம் முறை அவர் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் அடித்தேன். ஃபில்ட்டரை அடியோடு நீக்கிச் சேமித்த சற்று நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது.

துணைவியாரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. நேற்று என்ன சொல்ல வந்தாய் என்றுதான் முதலில் கேட்டேன். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்க வந்தாராம். பிறகு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“கண்டுபிடிச்சிட்டியளா?” இருமலுக்கு நடுவே சிரித்தார். “அவ வீட்டுக்காரரு அங்க தனியாக் கெடக்காரு. ஒங்ககிட்ட கேட்டா, யோசிச்சுச் சொல்லுதேம்பிய. அதான் கேக்கல.”

செவிலியரின் கை முகமூடியோடு குறுக்கே வந்தது.

பத்து நாள்களில் அவர் நலமாக வீடு திரும்பினார். எதிர் வீட்டாரும் கணவர் வந்து சேர்ந்ததும் காட்கோபருக்குக் குடிபெயர்ந்தனர். நாங்கள் இப்போது செம்பூரில் இருக்கிறோம். இங்கே வீட்டுக்கு வீடு தனி இணைப்பு. கதவுகள் சாத்தியே கிடக்கின்றன. யாரேனும் வந்து கேட்டால் அந்தக் கணமே கொடுத்துவிடுவதென்று இருக்கிறேன், எவரும் கேட்பதில்லை. கேட்பதற்கு மனிதர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்தக் காலத்தில், முப்பத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரே என்னைக் கேளாமல் ஒரு நன்மையைச் செய்ய வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, இன்றும் எனக்குச் சிறிது வெட்கமும், அவர் காத்திராமல் கொடுத்துவிட்டார் என்பதில் பெரும் ஆறுதலும் உண்டாகின்றன.